உப்பில்லாத சட்டை

ஆட்டம் முடிந்தால் பதினைந்து சட்டைகள்
என் மேசைக்கு வரும்.
கையில் தூக்கியதுமே சொல்லிவிடுவேன்
யார் எத்தனை நிமிடம் ஓடினார்கள் என்று.
பதினேழு வருடச் சலவை,
அவ்வளவுகூடத் தெரியாதா.

இருபத்துநான்காம் எண் மட்டும்
சோப்பு வாசம் மாறாமல் திரும்பும்.
இருந்தாலும் துவைக்கிறேன்.
ஆடாத சட்டைக்கும் அதே வெந்நீர்,
அதே நாற்பது நிமிடம்.

மேரன் ட்வைட்.
மொன்டானாவின் வடகோடியில்
கோதுமைக் கிடங்குகளைத் தாண்டி ஒரு சின்னக் கல்லூரி.
அங்கே அவளுக்கு ஆட்டத்துக்கு முப்பத்தாறு நிமிடம்,
பத்தொன்பது புள்ளி.
மீதி நான்கு நிமிடமும்
மூக்கில் ரத்தம் வந்ததால்தான் என்பாள்.
சட்டையை அவளே துவைப்பாளாம்,
காசு போட்டால் சுற்றும் இயந்திரத்தில்,
ஒன்பது மணிநேரப் பேருந்தின் டீசல் வாடை போகும்வரை.
அந்தச் சட்டையின் மார்பில்
ஒரு கம்பளி யானை.

இங்கே காட்டுப்பூனை.
பதினான்காயிரம் இருக்கைகள்.
ஆளுக்கு நான்கு ஜோடி ஷூ.
பெயர் பொறித்த அலமாரி,
உட்கார மெத்தை வைத்த நாற்காலி.
அப்பா தொலைபேசியில் கத்துவார்:
"டிவியில் பார்த்தேனே! கைதட்டினாய்!"

அவளுக்கு வேறொரு வேலை இருக்கிறது.
அடுத்து வரும் எதிரணியின் நட்சத்திரமாகப்
பயிற்சியில் அவள் ஆடவேண்டும்.
சிவப்பு மேலங்கியில்
வெள்ளை டேப்பால் எண் ஒட்டித் தருவேன்.
ஒரு வாரம் அயோவாவின் மூன்று, இடக்கைக்காரி.
மறுவாரம் டெக்சாஸின் முப்பத்திரண்டு,
இடித்தவர்களைவிடச் சத்தமாக விழுகிறவள்.
அந்த மேலங்கி கனக்கும்.
பிழிந்தால் சொட்டும்.
உலர்ந்த மடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்.

டிசம்பரில் கம்பளி யானைகள் வந்தார்கள்.
பெரிய கல்லூரி பணம் கொடுத்து
சின்னக் கல்லூரியைத் தோற்க அழைக்கும் ஆட்டம்.
அந்தப் பணத்தில் அவர்கள்
அரங்கத்துக் கூரையை மாற்றப்போகிறார்களாம்.

"இந்த வாரம் யார்?" டேப்பைக் கையில் எடுத்தேன்.
"ஐந்து. டெஸ்ஸா கூப்மன்."
கொஞ்சம் நிறுத்தி,
"போன வருடம் எனக்காக பெஞ்சில் காத்திருந்தவள்.
நான் கிளம்பியதும் என் இடத்தில் நின்றவள்.
இடப்பக்கம் இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம்,
பொய்யாக ஒரு தோளசைவு.
எனக்காகப் பயிற்சியாளர் வரைந்தது அது.
இப்போது அவளுடையது."

ஆக, நான்கு நாள்
மேரன் டெஸ்ஸாவாக ஆடினாள்,
மேரனாக ஆடும் டெஸ்ஸாவாக.
அந்தத் தோள் எப்போது பொய் சொல்லும் என்று
எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அத்துப்படி.

ஆட்டத்தன்று டெஸ்ஸாவுக்கு நான்கே புள்ளி.
தோள் அசையும் முன்பே
அங்கே ஒரு கை நின்றது.
நாற்பத்தொன்று வித்தியாசத்தில் ஜெயித்தோம்.
ஜெயிப்பது உறுதியான பின்,
கடைசி ஐம்பது நொடிக்கு மேரனை அனுப்பினார்கள்.
எதிர் பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்று
அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்,
தோற்றுக்கொண்டே.

பந்து ஒரே ஒரு முறை கைக்கு வந்தது.
இடப்பக்கம் இரண்டு எட்டு.
நிறுத்தம்.
எதிரே டெஸ்ஸா. மாற்று ஆள் இல்லாமல்
இன்னும் களத்திலேயே இருந்தாள்.
தோளை அவள் பார்க்கவே இல்லை.
கையைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
பந்து எங்கே உருண்டதென்று
நான் கவனிக்கவில்லை. மணி அடித்தது.

இரவு அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
ஐம்பது நொடிக்கு என்ன வியர்த்துவிடப்போகிறது.

மேலங்கியில் டேப்பை உரிக்க மறந்திருந்தேன்.
கதவைத் திறந்தபோது
ஐந்து, டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கிடந்தது.
நகத்தால் சுரண்டியும் பாதிதான் வந்தது.

திங்கட்கிழமை ஒஹையோ. எண் பதினொன்று.
புது டேப் வாங்கவேண்டும்.